மேக்னட் கீ உடைஞ்சு போச்சு, வெல்டிங் ராட ராவி வச்சுக்கலாமா?

சோழவந்தான்காரன்:
அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். நம்மகிட்ட பழைய எக்ஸெல் டூ ஸ்ட்ரோக் வண்டி, வெத்தலைக் கட்டு ஏத்துறதுக்குண்டே செகண்ட்ஸ்ல எடுத்தது, போன வாரம் வாடிப்பட்டி ரோட்டுல போகையில பட்டுனு நின்னுருச்சு. அதுலருந்து உதைச்சா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, ஒண்ணு சைலன்சர்ல டப்புண்டு வெடிக்குது, இல்லாட்டி கிக்கர் திருப்பி கால்லயே அடிக்குது. பிளக்க கழட்டி ஹெட்டுல வச்சு பாத்தா ஸ்பார்க் நல்லாத்தான் வருது, கார்ப்பரேட்டரும் கழுவியாச்சு. கடைசியா புல்லர் வாங்கி மேக்னட்ட, அதான் கிராங்க் தண்டு நுனில மாட்டி ஸ்பார்க்குக்கு கரண்டு குடுக்குற காந்தச் சக்கரத்த, கழட்டுனா, உள்ள இருக்க அரைவட்டக் கீ வெட்டுப்பட்டு பாதி கிராங்க் காடிலயே உக்காந்துருக்கு, மீதி சில்லு சில்லா மேக்னட்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. இங்க கடைல கீ இல்ல, டவுனுக்குத்தான் வரணும். வீட்டுல வெல்டிங் ராடு கெடக்கு, அத ராவி சொருகி ஓட்டலாமா? காடில மாட்டுன பாதிய எப்படி எடுக்குறது?

பைபாஸ் ரோடு பையன்:
தாராளமா போடலாம் பாஸ், நான் ஆணிய ராவி போட்டுத்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல 😀

திருமங்கலம் லேத்து:
மேல தம்பி சொல்றத கேட்டு செஞ்சுறாதீங்க, ஆணி போட்டு ஓடுதுண்டா அது ஆணியோட பெருமை இல்ல, அவரு மேக்னட் டேப்பர்ல, அதான் கிராங்க் நுனில கூம்பு மாதிரி சரிஞ்சிருக்க இடத்துல, நல்லா இறுகி உக்காந்திருக்கு அம்புட்டுதான். மேக்னட்ட புடிச்சு நிறுத்துறது பூராம் அந்த டேப்பர்தான், கீ சும்மா மேக்னட் எந்த இடத்துல உக்காரணும்ண்டு காட்டுறதுக்கு. கீ வெட்டுப்பட்டுருச்சுண்டா நட்டு லூசா இருந்திருக்கணும், இல்ல டேப்பர்ல எண்ணெய், துரு, பிசிறு ஏதோ இருந்து மேக்னட் நழுவியிருக்கணும். நழுவுனதும் டைமிங் மாறிருச்சு, ஸ்பார்க் வரும் ஆனா வரவேண்டிய நேரத்துல வராது, அதான் வெடிக்குது, கால்ல அடிக்குது. டூ ஸ்ட்ரோக்ல டைமிங் ரொம்ப தள்ளிப்போச்சுண்டா என்ஜின் தலைகீழா கூட சுத்தும். வண்டிய குறை சொல்ல ஒண்ணுமில்ல, உங்களுக்கு முன்னாடி எவனோ கழட்டி அரைகுறையா மாட்டிருக்கான்.

காடில இருக்க பாதிய நோண்டாதீங்க. அடிப்பக்கம் அரைவட்டமா இருக்கதால ஒரு ஓரத்துல சின்ன பஞ்ச் வச்சு லேசா தட்டுனா அந்த ஓரம் உள்ள இறங்கும், மறு ஓரம் மேல எந்திரிக்கும், பிளையர்ல புடிச்சு எடுத்துறலாம். தட்டும்போது கிராங்க் நுனில மரை இருக்கு, நட்ட ரெண்டு மரை ஏத்தி விட்டுட்டு தட்டுங்க, கை தவறுனா மரை போயிரும். எடுத்த துண்ட தூக்கிப் போடாம கடைக்கு கொண்டு போங்க, தடிமனும் உயரமும் பாத்து குடுப்பான். டீ காசுக்கு கிடைக்கிற சாமானுக்கு ஏன் ராட ராவிக்கிட்டு.

அப்புறம் முக்கியமானது, புது கீ போடுறதுக்கு முன்னாடி கீ இல்லாமலே டேப்பர்ல ஃபைன் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சமா தடவி, மேக்னட்ட மாட்டி கையால அங்குட்டும் இங்குட்டும் திருப்புங்க. கழட்டிப் பாத்தா சாம்பல் கலர்ல மங்கலா தேஞ்சிருக்கும், அது சுத்தி ஒரே மாதிரி தெரியுற வரைக்கும் செய்யுங்க. ஆயில் சீல் பக்கம் பேஸ்ட் ஒரு துளி போயிரக்கூடாது. பெட்ரோல்ல ரெண்டு பக்கமும் கழுவி, காய விட்டு, கிரீஸ் எண்ணெய் எதுவும் இல்லாம மாட்டணும். காந்தத்துல ஒட்டுன சில்ல பூராம் எடுத்துருங்க, ஒண்ணு விட்டாலும் காயில்ல உரசி வயர அறுத்துப் போடும்.

சோழவந்தான்காரன்:
ரொம்ப நன்றிண்ணே. நீங்க சொன்ன மாதிரி தட்டுனதும் துண்டு அழகா எந்திரிச்சு வந்துருச்சு. கிராங்க் காடி நல்லா இருக்கு, மேக்னட் பக்கத்துக் காடிதான் ஒரு ஓரம் லேசா விரிஞ்ச மாதிரி தெரியுது. இன்னொண்ணு, நட்டு இறுக்கும்போது மேக்னட் கூடவே சுத்துது, எப்படி புடிக்கிறது? ஸ்க்ரூடிரைவர குறுக்க குடுக்கலாமா?

பழைய டூஸ்ட்ரோக்:
ஸ்க்ரூடிரைவர் குடுத்தா ஸ்டேட்டர் காயில் காலி. மேக்னட்ட புடிக்கிற ஹோல்டர் இருந்தா வேலை சுளுவா முடியும், இல்லாட்டி சிலிண்டருக்குள்ள கயிறு விட்டா பிஸ்டன் அதுல முட்டி நின்னுரும், மேக்னட் சுத்தாது. பிஸ்டன் மேல ஏறி சிலிண்டர் சுவத்துல இருக்க ஓட்டை, அதான் போர்ட், பூராம் அடைச்ச பிறகுதான் பிளக் ஓட்டை வழியா பருத்திக் கயிற விடணும், போர்ட் தொறந்திருக்கும்போது விட்டா கயிறு அதுல மாட்டி நைஞ்சு உள்ள நூல் விட்டுரும். கயிறு நுனி வெளிய இருக்கட்டும். ஸ்பிரிங் வாஷர் புதுசு போடுங்க.

திருமங்கலம் லேத்து:
காடி லேசா விரிஞ்சிருந்தா பரவால்ல, புது கீய அந்தக் காடில வச்சு கையால ஆட்டிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியுற அளவு ஆடுச்சுண்டா டைமிங் சரியா நிக்காது, பழைய சாமான் கடைல நல்ல மேக்னட் ஒண்ணு தேடிருங்க. மாட்டி ஒரு ரவுண்டு ஓட்டிட்டு என்ஜின் ஆறுன பிறகு நட்ட இன்னொரு வாட்டி செக் பண்ணுங்க, அதுக்கப்புறம் லோடு ஏத்துங்க.

பைபாஸ் ரோடு பையன்:
அண்ணே அப்ப என் ஆணிய எடுத்துரட்டுமா 😅

திருமங்கலம் லேத்து:
ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வண்டிய கொண்டாங்க தம்பி, வரும்போது கீய வாங்கிட்டு வாங்க.