பாக்கி வசூலும் சமரச மையமும்: உங்கள் அனுபவம் என்ன?

கோத்தகிரி தேயிலைக்காரர்:
எங்கள் டஸ்ட் தேயிலையில் ஈரப்பதம் அதிகம் என்று காரணம் சொல்லி, சமவெளி மொத்த வியாபாரி ஒருவர் 7 லட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்ததனால், உதகையில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு விண்ணப்பித்தோம். கையில் பணமே இல்லை என்று அவர் சமரசர் வழியாகத் தெரிவித்ததால், ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மீதியைத் தவணைகளில் பெற ஒப்புக்கொண்டேன். கையெழுத்திட்டு வராந்தாவுக்கு வந்ததுமே, "அண்ணா, அடுத்த லோடு எப்போது அனுப்புவீர்கள்? முன்பணத்தை இன்றே போட்டுவிடுகிறேன்" என்றார். தவணை எதுவும் தவறவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி இன்றுவரை உறுத்துகிறது.

குன்னூர் உறுப்பினர்:
இதை ஏமாற்று வேலை போல எழுதியிருப்பது நியாயமன்று. பழைய பாக்கியைத் தவணையில் தீர்ப்பவர் புதுச் சரக்குக்கு மட்டும் ரொக்கம் புரட்டுவது நம் தொழிலில் அன்றாடம் நடப்பதுதானே? என் எதிர்த்தரப்போ முதல் அறிவிப்பையும் இறுதி அறிவிப்பையும் மதிக்கவில்லை. காலியான எதிர் நாற்காலியைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்; கடைசியில், சமரசம் தொடங்கவே இல்லை என்ற அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

உதகை காய்கறி மண்டி:
தங்கும் விடுதி ஒன்றுடன் இருந்த கேரட் பாக்கித் தகராறு, அதன் மேலாளர் எங்கள் பில்களைத் தம் கையாலேயே கூட்டிப் பார்த்த அந்த அமர்விலேயே தீர்ந்துவிட்டது. குன்னூர் நண்பர் அந்த அறிக்கையை வெற்றுத்தாளாக எண்ண வேண்டாம். 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்கில், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதவர் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும் என்கிறது வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவு. அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றமும் 2022இல் உறுதிசெய்துவிட்டது. ஆகவே உங்கள் வழக்குக்கு அந்த அறிக்கைதான் வாசல். சமரசத்தில் கழிந்த நாட்கள் வழக்குப் போடுவதற்கான காலவரம்புக் கணக்கில் சேராது என்பதையும் உங்கள் வக்கீலிடம் நினைவூட்டுங்கள். கோத்தகிரி நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். அந்த ஒப்பந்தம் நடுவர் தீர்ப்புக்குச் சமமானது என்பதால், தவணை தவறினால் புதிதாக வழக்குப் போடாமல் நேரே நிறைவேற்று மனு போடலாம். உங்கள் தொழிற்சாலை குறு, சிறு நிறுவனமாக மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்றிருந்தால், 45 நாட்களைத் தாண்டிய பாக்கிக்கு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கேட்கலாம். இனி யாரிடமாவது தொகையைக் குறைக்க நேர்ந்தால், அந்த வட்டியைக் கணக்கிட்ட தாளை முதலில் சமரசரின் மேசையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.