வேண்டுதலோடு படிப்பது பலமா, தள்ளிப்போடுவதா?

வைகைக்கரை:
என் தங்கை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒவ்வொரு முறை முடிவு வந்த பிறகும் வீட்டில் ஒரே பேச்சு: "முருகன் இன்னும் மனசு வைக்கல." தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் வருகிறாள். வந்ததும் அதே புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து எடுக்கிறாள். மதிப்பெண் எந்தப் பகுதியில் போனது என்று யாரும் கேட்பதில்லை. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். 2024-இல் அறிவிப்பு வந்தபோது இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இப்படிப்பட்ட போட்டியில் இலக்கைச் சாமியிடம் ஒப்படைப்பது, அதைப் பற்றி யோசிக்காமல் இருக்க ஒரு வழியாகிவிடுகிறது என்று நினைக்கிறேன். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

நாமக்கல்லான்:
இல்லை என்றே சொல்கிறேன். கணித மேதை ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் நாமகிரித் தாயார்தான் அவருக்குக் குலதெய்வம். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. இதற்குமேல் கணக்கு எதற்கு என்று எவரும் விட்டுவிடுவார்கள். அவர் விடவில்லை. தாயார் கொடுக்கிறாள் என்ற நம்பிக்கை இல்லாமல் அந்தப் பிடிவாதம் எப்படி வரும்? கடல் தாண்டக்கூடாது என்று தடுத்த அம்மாவும், தாயார் கனவில் வந்து சொன்னதால்தான் இறங்கி வந்தார் என்கிறார்கள். 1914-இல் கப்பலேறினார்.

ஈரோட்டுக்காரன்:
ராமானுஜனை எடுத்தால் அவருடைய சிலேட்டையும் சேர்த்து எடுங்கள். காகிதம் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றியவர் அவர். பள்ளியில் படிக்கும்போதே கார் என்பவர் தொகுத்த கணக்குப் புத்தகம் கைக்கு வந்தது. அதில் ஏறத்தாழ 5,000 முடிவுகள், பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் கிடையாது. அவற்றைத் தானே போட்டுப் பார்த்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்பே அங்கே வேறு கணித அறிஞர்களுக்கு எழுதி, ஒன்றும் நடக்காமல், அப்புறமும் எழுதினார். வள்ளுவர் இதைத்தான் 619-ஆம் குறளில் தெளிவாக வைத்துவிட்டார்: தெய்வத்தால் ஆகாவிட்டாலும் உழைத்த உடம்புக்குக் கூலி உண்டு.

நாமக்கல்லான்:
சிலேட்டை யார் மறுத்தது? அழித்து அழித்துப் போட வைத்தது எது என்பதுதான் என் கேள்வி.

கீழக்கரைவாசி:
அஸ்ஸலாமு அலைக்கும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு என்று நபிகள் (ஸல்) சொன்ன ஹதீஸ் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. ஒரு முடிவில் தடுமாறினால் இரண்டு ரக்அத் தொழுது, நல்ல வழியைக் கேட்கும் இஸ்திகாரா துஆ (பிரார்த்தனை) ஓதுவோம். "இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் லேசாக்கு, கெட்டதென்றால் என்னை விட்டுத் திருப்பு" என்று கேட்கிற துஆ அது. நல்லதல்ல என்றால் இலக்கே மாறலாம் என்று ஒத்துக்கொண்டுதான் கேட்கிறோம். ஆனால் நம் ஆட்களில் பலர் ஓதிவிட்டுக் கனவு வரும் என்று காத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்களிடம் மஷூரா, அதாவது ஆலோசனை, செய்வதும் சேர்ந்ததுதான் அது. தங்கச்சியை முருகன் கைவிடவில்லை, மஷூரா செய்ய ஆள் இல்லாமல் விட்டது நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பொருநை:
பாய் சொல்வது எங்கள் பக்கமும் அப்படியே பொருந்தும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டையில் கைக்கு வருவது ஒரு வசனம். அதுதான் அந்த வருஷத்துக்கு. "உன்னை ஆசீர்வதிப்பேன்" என்று வந்துவிட்டால், கையில் பணமில்லாமலே வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே வேதத்தில் லூக்கா 14-இல் இயேசு கேட்கிறார்: கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா? நான் ஜெபிக்கிறவள். கணக்குப் பார்ப்பதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வைகைக்கரை:
சரி, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. தோற்றால் "சாமி சோதிக்கிறார், இன்னும் முயற்சி செய்" என்றும் சொல்லலாம். "சாமி வேறு வழி காட்டுகிறார், விட்டுவிடு" என்றும் சொல்லலாம். எது என்று யார் முடிவு செய்வது? கடைசியில் வீட்டில் யார் குரல் பெரிதோ அவர் சொல்வதுதான் சாமி சொன்னதாகிறது.

ஈரோட்டுக்காரன்:
அதனால்தான் இதில் சாமியே வேண்டாம் என்கிறேன். இன்ன தேதி வரை, இத்தனை முறை என்று அவளே எல்லை வைக்கட்டும்.

நாமக்கல்லான்:
எல்லை வைக்கட்டும், நானும் அதையே சொல்வேன். ஆனால் தோழர், உங்கள் பக்கத்தில் ஒன்றைப் பார்க்காமல் போகிறீர்கள். 20 லட்சம் பேரில் வேலை கிடைப்பது சில ஆயிரம் பேருக்கு. கிடைக்காதவர்களில் ராப்பகலாகப் படித்தவர்கள் எத்தனையோ பேர். எல்லாம் உழைப்புதான் என்றால் அவர்களிடம் என்ன சொல்வீர்கள்? "உன் உழைப்பு போதவில்லை" என்றா? கூலி உண்டு என்கிற குறள் அந்த நாற்காலி உண்டு என்று சொல்லவில்லை. ஒரு கேள்வி, அரை மதிப்பெண்ணில் தவறிப்போன பெண், "என் கையில் இருந்ததைச் செய்தேன், மீதி அவன் கையில்" என்று சொல்ல முடிந்தால் மறுநாள் எழுந்து உட்காருவாள். அதைப் பிடுங்கிவிட்டு அவளுக்கு எதைக் கொடுக்கப் போகிறீர்கள்?

ஈரோட்டுக்காரன்:
போட்டி அநியாயமானது, இடங்கள் போதாது என்ற உண்மையைக் கொடுப்பேன். அது அவள் குற்றமல்ல என்று சொல்ல சாமி தேவையில்லை. சாமி பெயரால் ஆறுதல் சொல்லிச் சொல்லியே, ஏன் இவ்வளவு குறைந்த இடங்கள் என்று யாரும் கேட்காமல் போகிறோம்.

கோபுரவாசல்:
நானும் குரூப் 4 எழுதிக்கொண்டிருப்பவள்தான். எல்லோரும் அவளைப் பற்றிப் பேசுகிறீர்கள், அவளிடம் பேசியதாகத் தெரியவில்லை. பாதயாத்திரை போகும்போது கூட நடப்பவர்கள் கால் வலிக்கிறதா, சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு மார்க், எப்போது வேலை என்று கேட்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் நடுவில் வருஷம் முழுக்க இருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? பழனியை நிறுத்தச் சொல்லாதீர்கள் அண்ணா. அவளுடைய பழைய மாதிரித் தேர்வுத் தாள்களை எடுத்து வைத்துப் பாருங்கள். தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, கணக்கு 25. என் அனுபவத்தில் தமிழில் நிறையப் பேர் நன்றாகத்தான் எடுக்கிறார்கள். கணக்கைக் கடைசியில் வைத்து, நேரமில்லாமல் குத்துமதிப்பாக வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வருவோம். அவளுக்கும் அதுதானா என்று கேளுங்கள்.

வைகைக்கரை:
இப்போதுதான் கேட்டேன் சகோதரி. கணக்கும் இல்லை. பொது அறிவில் பொருளாதாரம், அரசியலமைப்பு இரண்டும்தான் ஒவ்வொரு முறையும் காலை வாருகிறதாம். அவள் அதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறாள், எங்களிடம் சொன்னதில்லை. சாமி மேல் பாரத்தைப் போடுவதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை, நாமக்கல் நண்பரோடு அந்த வழக்கு அப்படியே இருக்கட்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இந்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறேன்.