திரவ நைட்ரஜனில் இயங்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர்: உறுப்புகள் குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். திரவ நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வினில், அதாவது ஏறத்தாழ −196 டிகிரி செல்சியஸில், அமிழ்ந்தபடியே இயங்க வேண்டிய ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டரை (நேர்மின்னோட்டத்தின் மின்னழுத்தத்தை வேறொரு அளவுக்கு மாற்றும் சுற்று) வடிவமைத்து வருகிறேன். சுவிட்சாகப் பயன்படும் டிரான்சிஸ்டர்களில் ஒருவகையான சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட்டுகளின் மின்தடை இக்குளிரில் கூடிவிடுவதால் அவற்றைத் தவிர்த்து, மின்தடை நன்கு குறையும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களைத் தேர்ந்தெடுத்துள்ளேன். ஆகவே சுவிட்சுகளைப் பற்றிக் கவலையில்லை.

தொல்லை தருபவை சுற்றியுள்ள உறுப்புகளே. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களில் (மின்தேக்கிகளில்) உள்ள திரவம் உறைந்துவிடுகிறது. எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டர்களோ தம் மின்தேக்குத் திறனில் பெரும்பகுதியை இழக்கின்றன. பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகை நிலையாக இருந்தாலும், மின்சுற்றுப் பலகையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இவற்றைவிட மோசமானது விரிசல்: குளிரில் அமிழ்த்தி எடுத்த பலகையை உருப்பெருக்கியில் பார்த்தால், பெரிய செராமிக் உறுப்புகளின் ஓரத்தில் பற்றவைப்பு மயிரிழையாகப் பிளந்திருக்கிறது. ஈயமற்ற, வெள்ளீயம் மிகுந்த பற்றாசு (சால்டர்) இக்குளிரில் நொறுங்கும் தன்மை பெறுவதும், பலகையும் செராமிக்கும் வெவ்வேறு அளவில் சுருங்குவதும் சேர்ந்தே இதற்குக் காரணம் எனக் கருதுகிறேன்.

இண்டியம் கலந்த பற்றாசை இத்தகைய பலகைகளில் பயன்படுத்தியவர்கள், பலமுறை குளிர்வித்துச் சூடாக்கிய பிறகும் மூட்டுகள் தாக்குப்பிடித்தனவா என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். டிரான்சிஸ்டர்களை இயக்கி அணைக்கும் கேட் டிரைவர் சிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு −40 டிகிரி செல்சியஸ் வரைதான் உத்தரவாதம் என்பதால், 77 கெல்வினில் தடையின்றித் தொடங்கும் சிப் எதையேனும் நீங்கள் சோதித்திருந்தால், அதையும் குறிப்பிட வேண்டுகிறேன்.