அதிர்வேட்டை அளந்தபோது
தேவிபட்டினத்துக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர்த் திருவிழாவில், அதிர்வேட்டுச் சத்தம் நூறு டெசிபலைக்கூடத் தாண்டவில்லை என்று கைப்பேசியைக் காட்டி இளைஞர்கள் வாதிட்டார்கள். தொழிற்சாலைகளில் இரைச்சல் அளப்பது என் வேலை என்பதால், ஊர்ப் பெரியவர்கள் என்னை அளக்கச் சொன்னார்கள்.

கைப்பேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. வெடியின் அழுத்தம் வந்தால் அது தன் எல்லையில் முட்டி நின்றுவிடும். முறையான ஒலிமானியும் 'ஸ்லோ' நிலையில் ஏறக்குறைய ஒரு விநாடிக்கும், 'ஃபாஸ்ட்' நிலையில் 125 மில்லி விநாடிக்கும் சத்தத்தைச் சராசரியாக்கிவிடுகிறது. வேட்டின் உச்சமோ ஓரிரு மில்லி விநாடிகளில் வந்து போய்விடும். எனவே அந்தக் கணநேர உச்சத்தையே பிடித்துக் காட்டும், தாழ்ந்த ஒலிகளையும் பெரிதாகக் குறைக்காத 'சி' எடையிட்ட உச்ச அளவைத்தான் பார்க்க வேண்டும்.

கச்சான் காற்று ஓயாமல் வீசியதால் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை மாட்டினேன். இல்லையென்றால் காற்று மோதுவதே அளவை ஏற்றிவிடும். நேராக மோதும் அலை எதிரொலித்து அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், ஒலிவாங்கியின் முகத்தை வேட்டை நோக்கித் திருப்பாமல் பக்கவாட்டில், 4 மீட்டர் தள்ளிக் காதுயரத்தில் நிறுத்தினேன். ஒரே வேட்டுக்கு ஸ்லோ நிலை 105-ஐ ஒட்டிக் காட்டியது. உச்சம் 140-ஐத் தொட்டது. அது 200 பாஸ்கல் அழுத்தம். காதுக்குள் தசை சுருங்கிக் காக்கும் ஏற்பாடு உண்டுதான், ஆனால் வேட்டு அதை முந்திக்கொள்கிறது.

பட்டாசுக்கு 1999-இல் வந்த இந்திய விதியும் 4 மீட்டர் தூரத்தில்தான் அளக்கச் சொல்கிறது. வேட்டுக்காரர் அங்கேயா நிற்கிறார்? திரியில் நெருப்பு வைத்துவிட்டு இரண்டு எட்டு நகர்வார், அவ்வளவே. தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். காதில் அவர் செருகியிருந்த பஞ்சால் பெரிய பயனில்லை என்று சொல்லி நுரைச் செருகியை நீட்டினேன். "திரி சீறுற சத்தம் கேக்கலைன்னா எப்ப ஓடுறதுன்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. திரியை நீளமாக்கினால் சீறலைக் கேட்டு ஓட வேண்டிய அவசரம் இருக்காது என்று பேசி முடிவெடுத்த பிறகே செருகியைப் போட்டுக்கொண்டார்.

குழந்தைகளின் காதுக்கு உச்சம் 120-ஐத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல். 20 டெசிபல் இறங்கத் தூரம் பத்து மடங்காக வேண்டும் என்று கணக்குச் சொன்னதும், பெரியவர்கள் மறுபேச்சில்லாமல் வேடிக்கை பார்ப்போருக்கான கயிற்றை 40 மீட்டருக்கு அப்பால் கட்டச் செய்தார்கள்.