கடைக்காக எடுத்த படம் வேறொரு நிறுவனத்தின் விளம்பரப் பலகையில்: உரிமை யாருக்கு?

விளம்பரப் புகைப்படக்காரர், வடபழனி:

வணக்கம். தியாகராய நகரில் உள்ள ஒரு பட்டுப்புடவைக் கடைக்காகச் சென்ற தீபாவளியை ஒட்டிப் படங்கள் எடுத்துக் கொடுத்தேன். நான் மின்னஞ்சலில் அனுப்பிய கொட்டேஷனில், படங்களைக் கடையின் இணையதளத்திலும் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் ஆறு மாதங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்றும், அட்வான்ஸ் செலுத்தினால் படப்பிடிப்பு உறுதியாகும் என்றும் எழுதியிருந்தேன். அவர்கள் பதில் எதுவும் எழுதாமல் அட்வான்ஸை மட்டும் அனுப்பினார்கள். மீதித் தொகையும் பின்னர் வந்துவிட்டது. இப்போது அதே படங்கள், அந்தக் கடைக்குப் புடவை வழங்கும் வெளியூர் உற்பத்தியாளரின் பெயரோடு அண்ணா சாலையில் பலகையாக நிற்கின்றன. புடவையின் நிறம் மாற்றப்பட்டிருக்கிறது. மூலையில் இருந்த என் பெயர் நீக்கப்பட்டிருக்கிறது. கடையில் கேட்டால், பணம் கொடுத்து எடுத்த படம் தங்களுடையது என்கிறார்கள்.

இன்னொன்று. படப்பிடிப்பு முடிந்த பிறகு, மாடலின் சம்மதத்தோடு மயிலாப்பூர் தெப்பக்குளத்தருகே என் விருப்பத்துக்குச் சில படங்கள் எடுத்தேன். ஒரே டிரைவில் இருந்ததால் அவையும் கடைக்குப் போயின. அவற்றில் ஒன்றும் அந்தப் பலகையில் இருக்கிறது. சட்டப்படி என் நிலை என்ன?

திருமணப் புகைப்படக்காரர், குரோம்பேட்டை:

படம் எடுத்தவருக்கே பதிப்புரிமை என்பதில் என்ன சந்தேகம், நண்பரே? உரிமையை மாற்றித் தர வேண்டுமானால் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை. தைரியமாக நோட்டீஸ் அனுப்புங்கள்.

வழக்கறிஞர், பாரிமுனை:

மேலே உள்ள பதிலை நம்பி நோட்டீஸ் அனுப்பினால் முதல் பதில் கடிதத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். 19ஆம் பிரிவு, உரிமை ஒருவரிடம் இருந்து, அவர் அதை இன்னொருவருக்கு மாற்றும்போதுதான் வேலைக்கு வரும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவோ, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கூலி பெற்று எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்கிறது. அதாவது, ஷட்டரை அழுத்தியவர் நீங்களே ஆனாலும், உரிமை தொடக்கத்திலேயே கடையிடம் பிறந்துவிடலாம். கடைக்காரர் சொல்வது முற்றிலும் வீம்பு அல்ல.

ஆனால் அந்த மாறான உடன்பாடு எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. உங்கள் கொட்டேஷன் ஒரு முன்மொழிவு. அட்வான்ஸ் அதன் நிபந்தனை. நிபந்தனையை நிறைவேற்றுவதே ஏற்பு என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. மின்னஞ்சலில் உருவானது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. எனவே உடன்பாடு இருக்கிறது என்று வாதிடலாம். பலவீனம் அதன் சொற்களில் உள்ளது: எங்கே, எத்தனை மாதம் என்று எழுதிய நீங்கள் பதிப்புரிமை யாரிடம் இருக்கும் என்று எழுதவில்லை. சொந்தக்காரரிடம் போய் ஆறு மாதம்தான் பயன்படுத்தலாம் என்று யாரும் சொல்வதில்லை என்பதால், உரிமை உங்களிடமே இருந்தது என்பதே இயல்பான பொருள் என்று நான் வாதிடுவேன். நீதிபதி ஏற்பாரா என்று உறுதி சொல்ல மாட்டேன். ஏற்காவிட்டாலும், ஒப்புக்கொண்ட வரம்பை மீறியதற்காகக் கடையின் மீது ஒப்பந்த மீறல் வழக்கு நிற்கும்.

தெப்பக்குளப் படம் வேறு கதை. அதைக் கடை கேட்கவும் இல்லை, அதற்குக் கூலி தரவும் இல்லை. அது உங்களுடையது, நோட்டீஸில் அதையே முதலில் வையுங்கள். உற்பத்தியாளர் வெளியூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு வழி தருகிறது.

பெயரை நீக்கியதைப் பொறுத்தவரை, 57ஆம் பிரிவின்படி படைப்பாளர் தாமே என்று உரிமை கோருவது பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும் உங்களை விட்டுப் போகாது. நிறம் மாற்றியதற்கு அதே பிரிவை நீட்டுவது கடினம். உங்கள் மதிப்புக்குக் கேடு என்று காட்ட வேண்டும், ஒரு மாம்பழ மஞ்சள் பச்சையானதால் அது நேர்ந்தது என்று நிறுவுவது எளிதல்ல.

விளம்பரப் புகைப்படக்காரர், வடபழனி:

மிக்க நன்றி மேடம். மாடலும் என்னிடம்தான் விளக்கம் கேட்கிறார். தன் உருவத்தைப் பயன்படுத்தச் சம்மதித்து அவர் கையெழுத்திட்ட ரிலீஸ் படிவத்தில் கடையின் பெயர் மட்டுமே உள்ளது.

வழக்கறிஞர், பாரிமுனை:

அப்படியானால் அவருடைய நிலை உங்களுடையதைவிட வலுவானது. படத்தின் பதிப்புரிமை கடையிடமே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், அந்த முகத்தை இன்னொரு நிறுவனத்தின் விளம்பரத்துக்குக் கொடுக்கும் உரிமை அதனோடு சேர்ந்து வராது. சம்மதமின்றி ஒருவரின் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 1994இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ராஜகோபால் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. அவர் தனியாக நோட்டீஸ் அனுப்பட்டும். பலகையை இறக்குவதற்குள் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கேமராவில் பதிவான அசல் ரா (RAW) கோப்புகளைத் தொடாதீர்கள். மின்னணுச் சான்றுக்கு, 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின் கீழ்ச் சான்றிதழ் தேவைப்படும்.

கேட்லாக் புகைப்படக்காரர், அடையாறு:

அடுத்த கொட்டேஷனுக்கு, நான் பயன்படுத்தும் வரியைத் தருகிறேன்: ‘இப்படங்களின் பதிப்புரிமை புகைப்படக்காரரிடமே இருக்கும், கீழே குறிப்பிட்ட ஊடகம், காலம், பகுதி ஆகியவற்றுக்கு மட்டும் உரிமம் வழங்கப்படுகிறது, மூன்றாவது நபருக்கு வழங்க எழுத்து மூலமான தனி அனுமதி தேவை.’ முழு உரிமையும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் கடைகளும் உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளோடு 60 ஆண்டுகள் சேர்த்துப் பாதுகாப்பு உண்டு என்பதால், அவ்வளவு காலத்துக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள்; பாதிப் பேர் ஆறு மாதமே போதும் என்று இறங்கிவிடுவார்கள்.