யெல்லோநைஃபுக்குக் குடும்பத்தோடு போகலாமா? அம்மாவும் கூட இருக்கிறார்

கொங்குக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். ஈரோட்டுப் பக்கம், இப்போது கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துப் பிராம்ப்டன். மனைவி நர்ஸ். கனடாவின் வடக்கே இருக்கும் யெல்லோநைஃபில் நிரந்தர வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளம் இங்கே வாங்குவதைவிட நன்றாகவே அதிகம், அதுபோக வடக்குப் படி, சாமான் ஏற்றிக்கொண்டு போகும் செலவும் தருகிறார்கள். என் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். பையன் நாலாவது படிக்கிறான், பாப்பாவுக்கு நாலு வயது. அம்மாவும் எங்களோடுதான், அவருக்குச் சர்க்கரை, குளிர் வந்தால் வீசிங். மனைவிக்குப் போக ஆசை, எனக்கு மைனஸ் நாற்பது என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. யூட்யூபில் எல்லாரும் வானத்தில் பச்சை வெளிச்சத்தை மட்டும்தான் காட்டுகிறார்கள். அங்கே இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஏரிக்கரை
இங்கேதான் இருக்கிறேன், கிரேட் ஸ்லேவ் ஏரிப் பக்கம். குளிருக்குப் பயப்படாதீர்கள், வீட்டு வாடகைக்குப் பயப்படுங்கள். ஊரில் மொத்தமே சுமார் 20,000 பேர், காலி வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. வீடு உறுதியாகாமல் ஒன்டாரியோ வீட்டைக் காலி செய்யவே கூடாது. விளம்பரத்தில் வாடகையைப் பார்த்ததும் முடிவு செய்யாமல், ஹீட்டிங் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். இந்த ஊருக்கு இயற்கை எரிவாயுக் குழாய் கிடையாது, எண்ணெய், புரொப்பேன், மரத்துகள் உருண்டை, இவற்றில் ஏதோ ஒன்றை எரித்துத்தான் வீட்டைச் சூடாக்க வேண்டும், ஜனவரி பில்லைப் பார்த்தால் கண் கலங்கும். பழைய ஊர்ப் பகுதியில் சில வீடுகளுக்குத் தண்ணீரே லாரியில்தான் வரும், அதையும் விசாரியுங்கள்.

காருக்கு எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் கட்டாயம். ராத்திரி கரண்டில் செருகி வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது, அதனால் பார்க்கிங்கில் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். உடுப்பை அங்கே வாங்கிச் சுமக்க வேண்டாம், டொரண்டோ ஜாக்கெட் இங்கே எடுபடாது.

வரியில் கொஞ்சம் லாபம் உண்டு. வடக்கில் வசிப்பவர்களுக்கான கழிவு, வீட்டில் ஒருவர் மட்டும் கேட்டால் நாளைக்கு 22 டாலர் வரை, வருடத்துக்கு 8,000 டாலருக்குப் பக்கம் வரிக்குரிய வருமானத்தில் குறையும். பிராந்திய விற்பனை வரி இல்லை, 5% ஜிஎஸ்டி மட்டும்தான். ஆனால் சம்பளத்தில் 2% தனி வரி பிடிப்பார்கள், மளிகை விலையும் மிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். உளுந்து, இட்லி அரிசி எல்லாம் எட்மண்டன் போகும்போது மூட்டையாக வாங்கி வருகிறோம். அது 1,400 கிலோமீட்டருக்கு மேல், வழியில் காட்டெருமை ரோட்டில் நிற்கும், ராத்திரியில் ஓட்டாதீர்கள்.

தென்மராட்சி
தம்பி, நாங்கள் அங்கே இருந்துவிட்டு ஸ்கார்பரோவுக்குத் திரும்பி வந்தவர்கள். அம்மாவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லையே. உங்கள் மனைவிக்கு வேலை இருக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, உங்களுக்குக் கம்ப்யூட்டர் இருக்கு. அம்மாவுக்கு என்ன இருக்கு? டிசம்பரில் காலை பத்து மணிக்குச் சூரியன் எழும்பும், பின்னேரம் மூன்று மணிக்குப் போய்விடும். பிராம்ப்டனில் அவர் கோயிலுக்குப் போவார், பூங்காவில் நாலு பேரோடு தமிழில் கதைப்பார். அங்கே பிலிப்பினோ ஆட்கள் நிறையப் பேர், நல்ல சனம், தமிழ் ஆட்கள் கொஞ்சம்தான். என் மாமியார் முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னலடியில் இருந்து கொழும்புக்கு போன் எடுத்தபடியே இருந்தார்.

இன்னொன்று, அம்மா நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை உள்ள பிஆரா, பெற்றோர் நெடுநாள் வந்து தங்கும் சூப்பர் விசாவா? சூப்பர் விசா என்றால் பிராந்திய ஹெல்த் கார்டு கிடையாது. பெரிய நோய் வந்தால் எட்மண்டனுக்குத்தான் விமானத்தில் அனுப்புவார்கள், கார்டு உள்ளவர்களுக்கு அதற்கு உதவித் திட்டம் இருக்கு, அம்மாவுக்கு உங்கள் தனியார் இன்சூரன்ஸ்தான். அந்த பாலிசியில் விமான ஆம்புலன்ஸ் எவ்வளவுக்கு என்று எழுதி வாங்குங்கள். வீசிங்குக்கு அந்தக் காய்ந்த குளிர் சரிவராது, வெளியே போனால் மூக்கையும் வாயையும் மூடித்தான் போக வேணும், வீட்டுக்குள்ளேயும் காற்றை ஈரமாக்கும் மெஷின் ஓட வேணும். இன்சுலின் எடுக்கிறவர் என்றால் அதைக் காரில் வைத்துவிட்டு இறங்கக் கூடாது, ஒருமுறை உறைந்தால் வீண், ஜாக்கெட்டுக்கு உள்ளே வைத்துத்தான் கொண்டு திரிய வேணும்.

சந்தேகப்பேர்வழி
2023 ஆகஸ்டில் காட்டுத் தீயால் ஊரையே காலி செய்யச் சொன்னார்களே, மூன்று வாரம் கழித்துத்தான் திரும்ப விட்டார்கள். தெற்கே போக ஒரே ரோடு. வைரச் சுரங்கங்களை நம்பிய ஊர், டயாவிக் சுரங்கத்தில் 2026இல் உற்பத்தி நிறுத்தம் என்று அவர்களே அறிவித்தார்கள். அங்கே போய் வீடு வாங்கிவிடாதீர்கள் அண்ணா.

ஏரிக்கரை
வீடு வாங்குவதில் அவசரம் வேண்டாம், அதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் நர்ஸ் வேலைக்கும் வைரத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஒரே ரோடு என்பது உண்மை. 2012 வரை மெக்கன்சி ஆற்றில் பாலமே இல்லை, பனி உடையும் வாரங்களில் லாரி நின்றுவிடும், இப்போது அந்தப் பாடு இல்லை. தீக் காலத்தில் பெட்ரோல் டேங்கைப் பாதிக்குக் கீழே விடுவதில்லை, எல்லார் வீட்டிலும் இது பழகிவிட்டது.

பையனுக்காக ஒன்று. இங்கே இதுவரை ஆல்பர்ட்டா பாடத்திட்டம், இப்போது பிரிட்டிஷ் கொலம்பியாவுடையதுக்குப் படிப்படியாக மாறுகிறது. ஒன்டாரியோவோடு அப்படியே பொருந்தாது, நாலாவதுக்கு அது பெரிய விஷயமில்லை. பிள்ளைகள்தான் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள், என் மகள் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறாள், நான் காரிலிருந்து இறங்குவதில்லை.

கொங்குக்காரன்
எல்லாருக்கும் நன்றி. தென்மராட்சி அக்கா, அம்மா சூப்பர் விசாதான். இன்சூரன்ஸ் பேப்பரை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், விமான ஆம்புலன்ஸுக்கு ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள், போதுமா என்று ஏஜென்டிடம் கேட்க வேண்டும். மனைவி முதலில் குறுகிய கால ஒப்பந்தத்தில் தனியாகப் போய்ப் பார்க்கட்டுமா? ஜூலையில் போனால் சரியா?

தென்மராட்சி
ஜூலையில் எவருக்கும் பிடிக்கும் தம்பி, இரவிலும் சரியாக இருட்டாது. ஜனவரியில் அனுப்புங்கள். அந்த மாதத்தில் அவர் இருந்து பார்த்துச் சரி என்றால் மற்றவர்கள் ஏப்ரலுக்குப் பிறகு போகலாம். அம்மாவை முதல் குளிர்காலத்துக்கு ஈரோட்டில் விட முடியுமா என்றும் அவரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் நீங்கள் இருவரும் முடிவெடுக்காமல்.

ஏரிக்கரை
ஜனவரிதான் சரி. குறுகிய ஒப்பந்தக்காரர்களுக்குத் தங்க இடம் கொடுப்பார்களா என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக வாங்கச் சொல்லுங்கள், கம்பளி சாக்ஸ் இரண்டு போட இடம் வேண்டும்.