டேப்பில் படம் ஏற்றினால் பாதியில் நிற்கிறது, சில படத்துக்குச் சத்தமே இல்லை – உதவுங்கள்

மலைமேட்டு லயம்:

வணக்கம். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறோம். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்துவிட்டுப் போன வருஷம்தான் வேலையை விட்டார். முட்டி வலி, காதும் கொஞ்சம் மந்தம். மழை பிடித்துவிட்டால் லயத்தை (எஸ்டேட் வரிசை வீட்டை) விட்டு இறங்க முடியாது. கரண்ட் போனால் டிவியும் இல்லை. மகளின் ஆன்லைன் வகுப்புக்காக 2020இல் வாங்கிய 8 இஞ்ச் டேப் ஒன்று சும்மா கிடந்தது. அதில் படம் ஏற்றிக் கொடுத்தால் அம்மாவுக்குப் பொழுது போகுமே என்று நினைத்தேன். நெட்டில் பார்க்க வழியில்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரை ஏறினால்தான் டவர் இரண்டு கோடு காட்டும்.

கம்பத்தில் இருக்கும் தம்பி, வீட்டில் இருந்த பழைய டிவிடிகளை லேப்டாப்பில் போட்டு மாற்றி, மெமரி கார்டில் பன்னிரண்டு படம் ஏற்றிக் கொடுத்தான். ஒவ்வொன்றும் 1.3 ஜிபி அளவில் இருக்கும். முதல் ஐந்து படம் ஓடுகிறது. ஆறாவது படம் இடைவேளை தாண்டியதும் பச்சைப் பச்சையாகக் கட்டம் போட்டு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் இருப்பவை திறக்கவே இல்லை. ஓடுகிற ஐந்திலும் மூன்றுக்குப் படம் மட்டும் வருகிறது, சத்தம் இல்லை. அம்மா முதலில் தன் காதுதான் சுத்தமாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொன்று, என் கல்யாண வீடியோ 7.2 ஜிபி. அம்மா அதைத்தான் முதலில் கேட்டார். அது கார்டில் ஏறவே மாட்டேன் என்கிறது.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். போர்டு போய்விட்டது, வேறு டேப் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உண்மையாகவே அவ்வளவுதானா?

புளியரைப் பையன்:

பழைய டேப் அக்கா, சூடாகி நிற்கும். ஃபேக்டரி ரீசெட் போட்டுப் பாருங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

கம்பத்துக்காரன்:

ரீசெட் வேண்டாம் அக்கா, பொறுங்கள். சூட்டில் நிற்கிற டேப் எந்தப் படத்திலும் நிற்கும். இங்கே முதல் ஐந்து ஒழுங்காக ஓடிவிட்டு ஆறாவதிலிருந்து வரிசையாகக் கெட்டிருக்கிறது. இது டேப் செய்கிற வேலையாகத் தெரியவில்லை.

மூன்று விஷயம் சொல்லுங்கள். கார்டு எங்கே, என்ன விலைக்கு வாங்கினீர்கள்? கல்யாண வீடியோவை ஏற்றும்போது லேப்டாப்பில் என்ன எழுதி வந்தது? ஆறாவது படத்தைக் கார்டில் இல்லாமல் டேப்பின் உள் மெமரியில் போட்டால் ஓடுகிறதா? கார்டில் இருப்பதை நகர்த்தக் கூடாது, தம்பியின் லேப்டாப்பில் இருக்கும் படத்தையே கேபிள் போட்டு ஏற்ற வேண்டும்.

மலைமேட்டு லயம்:

ஞாயிற்றுக்கிழமை டேப்பையும் எடுத்துக்கொண்டு குமுளி இறங்கிக் கம்பம் போயிருந்தேன், அங்கேயே பார்த்துவிட்டோம். கேபிள் போட்டால் சார்ஜ் மட்டும் ஏறியது, லேப்டாப்பில் டேப் தெரியவே இல்லை. தம்பி வேறு கேபிள் மாற்றி, டேப்பில் மேலே வந்த அறிவிப்பைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று கொடுத்த பிறகுதான் தெரிந்தது. ஆறாவது படம் உள் மெமரியில் முழுசாக ஓடுகிறது!

கார்டு 128 ஜிபி. பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் 250 ரூபாய்க்கு வாங்கினேன், பில் இல்லை. பெரிய கம்பெனிப் பேர் அச்சடித்திருந்தது. முதன்முதலில் டேப்பில் போட்டபோது 'ஃபோர்மாற்று' செய்யவா என்று மலையாளத்தில் கேட்டது, சரி என்று அமுக்கிவிட்டேன். மகள் டேப்பை மலையாளத்தில்தான் வைத்திருக்கிறாள். எனக்குப் பேசத்தான் வரும், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் விடிந்துவிடும்.

கல்யாண வீடியோவுக்கு 'ஃபைல் இஸ் டூ லார்ஜ் ஃபார் த டெஸ்டினேஷன் ஃபைல் சிஸ்டம்' என்று வந்தது. கார்டில் நூறு ஜிபிக்கு மேல் காலி காட்டும்போது எப்படி இடம் போதாமல் போகும்?

கம்பத்துக்காரன்:

எல்லாம் தெரிந்துவிட்டது அக்கா. டேப் நன்றாக இருக்கிறது. வந்திருப்பது ஒரு நோய் இல்லை, மூன்று. ஒரே நேரத்தில் வந்ததால் டேப் தலையில் பழி விழுந்துவிட்டது.

முதலில் கார்டு. 128 ஜிபி 250 ரூபாய்க்கு வராது. உள்ளே 8 ஜிபி சில்லை வைத்து, கேட்டால் '128' என்று பொய் சொல்லும்படி செய்து விற்கிறார்கள். லேப்டாப்புக்கு இது தெரியாது. கார்டு சொல்லும் கணக்கை நம்பி எழுதிக்கொண்டே போகும், எழுதி முடிந்தது என்றும் சொல்லும். ஆனால் நிஜ இடம் தீர்ந்த பிறகு எழுதியது எங்கேயும் பதியவில்லை. பெயரும் அளவும் மட்டும் பட்டியலில் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.3 வீதம் ஐந்து படம் 6.5 ஜிபி. 8 ஜிபி கார்டில் நிஜமாகப் பிடிப்பது 7.3 போலத்தான். ஆறாவது படம் பாதியில் நிற்கிற இடம் சரியாக அதுதான். சில போலிக் கார்டு இன்னும் மோசம், இடம் தீர்ந்ததும் திரும்ப முதலிலிருந்து எழுதிப் பழைய படத்தையும் அழித்துவிடும்.

என்னை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபுள்யூ என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது, காசு இல்லை. லினக்ஸ் என்றால் எஃப்3. கார்டைக் காலி செய்துவிட்டு ஓடவிட வேண்டும். கார்டு முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து எவ்வளவு தேறியது என்று சொல்லும். பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கல்யாண வீடியோ. நல்ல கார்டாக இருந்தாலும் அது ஏறியிருக்காது. இடம் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, ஒரே கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது வேறு. கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கப் பல முறைகள் உண்டு, உங்கள் டேப் கார்டை ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்திருக்கிறது. அது 1996 காலத்து முறை. ஒரு கோப்பின் அளவை எழுதிவைக்க அதில் 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 32 பிட்டில் எழுத முடிந்த பெரிய எண் 4,294,967,295. அத்தனை பைட், அதாவது 4 ஜிபி. அதற்கு மேல் ஒரு பைட் இருந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். நெல் பத்து மூட்டை கொள்ளும் அறைதான், ஆனால் கதவு குறுகல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே அதில்தான் வரும். ஆனால் உங்கள் டேப் அவ்வளவு பெரிய கார்டாக நினைத்தும் ஃபேட்32தான் போட்டிருக்கிறது என்றால் அதற்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது என்று அர்த்தம். ஆகவே இந்த வீடியோவுக்காகக் கார்டை மாற்றிப் பயனில்லை, வீடியோவைத்தான் இளைக்கவைக்க வேண்டும். மூன்று மணி நேர வீடியோவை 720பி (உயரம் 720 கோடு) அளவில், நொடிக்கு 2.5 மெகாபிட் வைத்து மாற்றினால் 3.5 ஜிபிக்குள் அடங்கும். 8 இஞ்ச் திரையில் வித்தியாசம் தெரியாது.

புதிதாக வாங்கினால் 32 ஜிபி போதும், பில்லோடு வாங்குங்கள். சத்தம் விஷயம் பழைய ரேடியோ ஐயா வந்து சொல்லட்டும், அது அவர் பேட்டை.

பழைய ரேடியோ:

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. செங்கோட்டையில் நாற்பது வருஷம் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பிரித்துப் பூட்டியவன், சத்தம் வரவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது.

அம்மா, டிவிடியில் சத்தம் பெரும்பாலும் ஏசி3 என்ற வகையில் இருக்கும், டால்பி என்று அட்டையில் போட்டிருப்பார்களே அது. உங்கள் தம்பி படத்தை மாற்றும்போது அந்த மூன்று டிவிடிகளின் சத்தத்தை மட்டும் மாற்றாமல் அப்படியே தூக்கி வைத்திருப்பார். டேப்போடு வரும் பிளேயர்கள் பலவற்றுக்கு அந்த வகை தெரியாது, அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டியிருந்ததால் விட்டுவிட்டார்கள். படத்தின் வகை தெரியும், சத்தத்தின் வகை தெரியாது. ஆகவே ஊமைப்படம்.

விஎல்சி பிளேயரைப் போடுங்கள். 1996இல் பாரிஸ் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் தொடங்கியது, இன்றுவரை இலவசம், விளம்பரமும் இல்லை. ஏசி3 அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. பெரட்டுக்களத்தில் நின்று ஒரு தடவை இறக்கிக்கொண்டால் போதும், அப்புறம் நெட் வேண்டாம். படத்தை நிறுத்திய இடம் நினைவு வைத்து அங்கேயிருந்தே தொடங்கும், அது வயதானவர்களுக்குப் பெரிய சௌகரியம். காது மந்தம் என்றீர்களே, விஎல்சி அமைப்புகளில் ஆடியோ பூஸ்ட் என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் சத்தத்தை 200 சதவீதம் வரை ஏற்றலாம். ஆனால் அந்தக் குட்டி ஸ்பீக்கரில் எப்போதும் 200 வைத்தால் கரகரவென்று அடிக்கும், சீக்கிரம் கிழியும். 130, 140 போதும். காதை மூடுகிற மாதிரி ஒரு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. காதுக்குள் திணிப்பதை அவர்கள் கழற்றிப் போட்டுவிடுவார்கள், என் வீட்டில் நடந்தது.

அப்புறம் டேப்பைத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள். 'க்ரமீகரணம்' என்று இருப்பதுதான் செட்டிங்ஸ். உள்ளே பாஷை பட்டியலில் தமிழ் என்று தமிழிலேயே எழுதியிருக்கும், தேட வேண்டியதில்லை.

புளியரைப் பையன்:

ரீசெட் போடச் சொன்னதற்கு மன்னிச்சுக்கோங்க அக்கா. கார்டு போலியாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. என் கார்டையும் இன்று ராத்திரி சோதிக்கப் போகிறேன், அதுவும் பஸ் ஸ்டாண்டு சரக்குதான்.

மலைமேட்டு லயம்:

சோதனை முடிந்தது. தம்பி சொன்னது: 7.3 ஜிபி நல்லது, மீதி நூற்றுப்பத்துக்கு மேல் 'லாஸ்ட்', அதாவது தொலைந்தது. கம்பத்துக்காரன் தம்பி, உங்கள் கணக்கு புள்ளி பிசகவில்லை. தள்ளுவண்டிக்காரரைத் தேடிப் போனேன். ஆள் இல்லை, அந்த இடத்தில் இப்போது குடை விற்கிறார்கள்.

32 ஜிபி கார்டு பில்லோடு வாங்கிவிட்டேன். தம்பி வைத்திருப்பது ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள். அதில் என்னென்ன வைக்க வேண்டும் என்று கேட்கிறான்.

கம்பத்துக்காரன்:

நல்ல மென்பொருள்தான். வீடியோவைச் சுருக்கும் முறைக்கு ஹெச்.264 வையுங்கள். ஹெச்.265 வைத்தால் கோப்பு இன்னும் சிறிதாகும், ஆனால் பழைய டேப்பில் திக்கித் திக்கி ஓடும். ஆடியோவில் 'பாஸ்த்ரூ' (சத்தத்தை மாற்றாமல் அப்படியே விடுவது) என்று இருந்தால் எடுத்துவிட்டு ஏஏசி என்ற வகையை வையுங்கள். இதுதான் ஐயா சொன்ன ஊமைப்பட வியாதிக்கு நிரந்தர மருந்து, விஎல்சி இல்லாத டேப்பிலும் சத்தம் வரும். கோப்பு எம்பி4. டிவிடிப் படத்தை 720பிக்குப் பெரிதாக்க வேண்டாம், அதன் உயரமே 576 அல்லது 480 கோடுதான். பெரிதாக்கினால் இடம்தான் போகும், தெளிவு கூடாது. கல்யாண வீடியோவுக்கு மட்டும் 720பி.

கார்டைக் கழற்றும்போது லேப்டாப்பில் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டுத்தான் உருவ வேண்டும். ஏற்றி முடிந்ததும் ஒவ்வொரு படத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தையும் ஓட்டிப் பாருங்கள். வண்டிப்பெரியாறு போய் இறங்கிய பிறகு தெரிந்தால் திரும்ப மலை இறங்க வேண்டும்.

மலைமேட்டு லயம்:

எல்லாம் ஓடுகிறது! பன்னிரண்டு படமும் சத்தத்தோடு. கல்யாண வீடியோ 3.4 ஜிபியில் வந்து ஏறிவிட்டது. நேற்று மழையில் சாயங்காலமே கரண்ட் போனது. அம்மா, பக்கத்து வீட்டு அத்தை, இன்னும் இரண்டு பேர் அந்த எட்டு இஞ்சைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தாலி கட்டுகிற இடத்தை ஓட்டச் சொன்ன அம்மா, மொய் எழுதுகிற இடத்தை மட்டும் மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார். யாரோ இருநூறு எழுதிவிட்டு ஐந்நூறு என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம்.

கடைசியாக ஒன்று. அம்மா டேப்பைப் பிடிக்கும்போது கட்டை விரல் பட்டுப் படம் எங்கேயோ ஓடிவிடுகிறது. இதற்கு வழி இருக்கிறதா?

பழைய ரேடியோ:

இருக்கிறது. விஎல்சியில் படம் ஓடும்போது திரையை ஒரு தட்டு தட்டி, வரும் பொத்தான்களிலோ பட்டியலிலோ பூட்டுப் படத்தைத் தேடுங்கள். அதைத் தொட்டால் விரல் பட்டாலும் நகராது. ஆனால் பூட்டினால் பின்னால் தள்ளவும் முடியாது, மொய் எழுதும் இடம் தாண்டிய பிறகு பூட்டுங்கள்.